சிறுமிகளின் பிறப்புறுப்புத் தொல்லைகள்: அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காய்ச்சல், இருமல், வயிற்றுப்போக்குக்கெல்லாம் சத்தமாகப் பேசும் அம்மாக்கள், இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்துகிறார்கள். பாதிப் பேர் அதற்குள் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இரண்டு மூன்று க்ரீம் தடவி முடித்திருப்பார்கள். குழந்தைகள் மருத்துவராக நான் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றுதான். அதனால் அவர்கள் கேட்கிற மாதிரியே கேள்வியை எழுதி, கீழே பதில் தந்திருக்கிறேன். பிறந்த குழந்தையில் தொடங்கி வயதுக்கு வந்த பெண் வரை போகிறது. மருந்தின் பெயர் வரும் இடங்களில் அளவைக் குழந்தையை நேரில் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

1. பிறந்து அஞ்சு நாள்தான் ஆகுது. டயப்பர்ல ரத்தம் மாதிரி இருக்கு. பயமா இருக்கு டாக்டர்.

பயப்பட வேண்டாம். வயிற்றில் இருக்கும்போது அம்மாவின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. பிறந்ததும் அது நின்றுவிடுவதால், குழந்தையின் குட்டிக் கருப்பையின் உள்சவ்வு கொஞ்சம் கழன்று இரண்டு மூன்று நாள் துளித்துளியாக வரும். வழுவழுவென்று வெள்ளையாகவும் வரலாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் ரத்தம் வந்தாலோ, தொப்புள், ஊசி போட்ட இடம் என்று வேறெங்காவது கசிந்தாலோ உடனே காட்டுங்கள். பிறந்தபோது, ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசி போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சீட்டையும் பாருங்கள்.

செங்கல் பொடி நிறத்தில் கறை இருந்தால் அது பெரும்பாலும் ரத்தமே இல்லை, சிறுநீரில் வரும் யூரேட் உப்பு. பால் போதவில்லை என்பதற்கு அது ஒரு அறிகுறி. அடிக்கடி பால் கொடுங்கள், அப்படியும் தொடர்ந்தால் காட்டுங்கள்.

அதே ஹார்மோனால் மார்பும் வீங்கும், ஆண் குழந்தைக்கும்கூட. குளிப்பாட்ட வரும் பாட்டிமார் அதைப் பிதுக்கிப் 'பால் எடுப்பார்கள்'. தயவுசெய்து விடாதீர்கள். பிதுக்கிப் பிதுக்கிச் சீழ் கட்டி, கத்தி வைக்க வேண்டிய நிலையில் வந்த குழந்தைகள் உண்டு. தொடாமல் விட்டால் சில வாரங்களில் தானாக வற்றிவிடும்.

2. பொண்ணுக்கு நாலு வயசு. அந்த இடம் செவந்து போயிருக்கு, ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னு அழறா. இன்ஃபெக்‌ஷனா?

சிறுமிகளுக்கு வரும் தொல்லைகளில் மிக அதிகம் பார்ப்பது இதைத்தான். யோனியின் வாயும் சுற்றியுள்ள தோலும் எரிச்சல்பட்டுச் சிவந்துபோவது. சீட்டில் 'வல்வோவெஜைனைட்டிஸ்' என்று எழுதுவார்கள். பெரும்பாலும் எந்த ஒரு கிருமியையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது, ஆன்டிபயாடிக்கும் தேவைப்படாது.

ஏன் வருகிறது என்று புரிந்துகொண்டால் வைத்தியம் தானாகப் புரியும். பெரிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அந்தத் தோலைத் தடிப்பாக்குகிறது, உள்ளே அமிலத்தன்மையைத் தந்து கிருமிகளைத் தடுக்கிறது. வெளி மடிப்புகளில் கொழுப்பும் முடியும் சேர்ந்து மூடிக் காக்கின்றன. சின்னப் பெண்ணுக்கு இது எதுவும் கிடையாது. தோல் மெல்லிசு, ஆசனவாயோ பக்கத்திலேயே. போதாக்குறைக்கு சோப்பு, பவுடர், இறுக்கமான லெகின்ஸ், ஈர ஜட்டி, அவசரமாகக் கழுவிய கை. எரியாமல் என்ன செய்யும்?

காரணத்தை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும். எப்படி என்பது அடுத்த பதிலில் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: தோல் பளீரென்று ரத்தச் சிவப்பாகி ஆசனவாய் வரை பரவி, வீட்டில் யாருக்காவது அல்லது அவளுக்கே அண்மையில் தொண்டை வலியும் இருந்தால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியாக இருக்கலாம். பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சோதித்துப் பார்த்து, பென்சிலின் வகை மருந்து கொடுப்போம். அது வேண்டிய இடத்தில் ஆன்டிபயாடிக் வேண்டியதுதான்.

3. சோப்பு போடாம எப்படிச் சுத்தமாகும்? டெட்டால், மஞ்சள், பயத்தமாவு?

எதுவும் வேண்டாம். அந்த இடத்துக்குத் தண்ணீர் மட்டும் போதும். டெட்டால் கலந்த தண்ணீர் இந்த மெல்லிய தோலைப் பொசுக்கிவிடும். மஞ்சளும் மாவும் மடிப்புகளுக்குள் தங்கி உறுத்தும். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரும் அப்படித்தான்.

எரிச்சல் இருக்கும் நாட்களில் ஒரு அகலமான பேசினில் வெதுவெதுப்பான வெறும் தண்ணீர் ஊற்றி, குழந்தையைக் கால் அகற்றி உட்கார வையுங்கள். காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம். விளையாட ஒரு கிண்ணத்தைக் கையில் கொடுத்தால் உட்காருவாள். தலைக்குக் குளிக்கும் நாளில் ஷாம்பூ நுரை வழியும் தண்ணீரில் உட்கார வைக்காதீர்கள், உடம்புக்கு சோப்பு போடுவதைக் கடைசியில் வைத்துக்கொண்டு உடனே அலசிவிடுங்கள். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுத்து, வாசனையில்லாத வாசலினோ சிங்க் ஆக்ஸைடு களிம்போ மெல்லியதாகத் தடவலாம். சுத்தமான தேங்காய் எண்ணெய் வீட்டில் இருந்தால் அதுவும் சரி.

ஜட்டி பருத்தியில், தளர்வாக. சோப்புத் தூள் போக நன்றாக அலசி வெயிலில் காய வையுங்கள். ராத்திரி ஜட்டி இல்லாமல் பாவாடையோ தளர்ந்த நைட்டியோ போட்டுத் தூங்கட்டும். இனி முக்கியமான விஷயம்: மலம் கழித்தபின் கழுவும் கை முன்னாலிருந்து பின்னால் போக வேண்டும். நம் வீடுகளில் பின்னாலிருந்து கை விட்டு முன்னோக்கி இழுத்துக் கழுவிவிடுகிறோம், பிள்ளையும் அதையே கற்றுக்கொள்கிறது. ஹெல்த் ஃபாசெட்டை முன்னால் வைத்து வேகமாகப் பீய்ச்சுவதும் வேண்டாம்.

4. மெடிக்கல்ல பூஞ்சை க்ரீம்னு ஒண்ணு கொடுத்தாங்க. போட்டா குறையுது, விட்டா திரும்ப வருது.

டயப்பர் போடும் வயது தாண்டி, வயதுக்கு வராத பெண்ணுக்குப் பூஞ்சைத் தொற்று அபூர்வம். அண்மையில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தாலோ சர்க்கரை நோய் இருந்தாலோ மட்டும் வரலாம். ஆகவே பெரியவர்களுக்குக் கொடுப்பது போல எல்லா அரிப்புக்கும் பூஞ்சை மருந்து என்பது தப்பான கணக்கு. ஆனால் அடிக்கடி தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் போய், எடையும் குறைந்துகொண்டே, கூடவே பூஞ்சைத் தொற்றும் வந்தால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சிறுவர்களுக்கு வரும் சர்க்கரை நோய் தாமதம் தாங்காது.

குறைந்து குறைந்து திரும்ப வருவதற்கு இன்னொரு காரணம், கடைகளில் தரும் க்ரீம்களில் பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்திருப்பது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும், அதனால் 'நல்ல மருந்து' என்று தோன்றும். வாரக்கணக்கில் போட்டால் தோல் இன்னும் மெலிந்துபோகும். ட்யூபில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் தடவாதீர்கள்.

5. பகல்ல ஒண்ணுமில்ல. ராத்திரியானா தூங்கவிடாம சொறியறா.

ராத்திரி அரிப்பு என்றதும் முதலில் கீரிப்பூச்சியைத்தான் நினைப்பேன். பெண் புழு ராத்திரியில்தான் குடலை விட்டு வெளியே வந்து ஆசனவாய் ஓரத்தில் முட்டையிடும். பெண் குழந்தைக்கு அது அப்படியே முன்பக்கமும் ஊர்ந்துவிடும். அவள் தூங்கி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து ஆசனவாயைச் சுற்றிப் பாருங்கள். அரை அங்குலத்துக்கும் குறைவாக, வெள்ளை நூல் துண்டு நெளிகிற மாதிரி தெரியும். தெரியாவிட்டால் காலையில் கழுவுவதற்கு முன் செலோடேப்பை ஒட்டி எடுத்துக் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டித் தந்தால் லேபில் முட்டையைப் பார்த்துச் சொல்வார்கள்.

மருந்து அல்பெண்டசோல், ஒரே வேளை. ஆனால் அது முட்டையைச் சரியாகக் கொல்லாது. அதனால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு வேளை. அரிப்பு இல்லாவிட்டாலும் வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும், கர்ப்பிணி இருந்தால் அவர் மட்டும் டாக்டரைக் கேட்டு. நகத்தை ஒட்ட வெட்டி, மருந்து கொடுத்த மறுநாள் காலையில் குளிக்க வைத்து, ஜட்டி, படுக்கை விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் சூடான தண்ணீரில் துவையுங்கள். படுக்கையை உதறாதீர்கள், முட்டை பறக்கும்.

6. பள்ளிக்கூடத்துல பூச்சி மாத்திரை கொடுத்தாங்களே, அது போதாதா?

தேசியக் குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளையொட்டி, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தருவது அதே அல்பெண்டசோல்தான். அவசியம் போடட்டும். ஆனால் அது மண் வழியாகத் தொற்றும் உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றைக் குறிவைத்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தருவது. கீரிப்பூச்சிக்கு மேலே சொன்ன இரண்டாவது வேளையும், வீட்டாரின் மாத்திரையும் இல்லாமல் போனால் பூச்சி திரும்பிவிடும்.

7. ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல்னா யூரின் இன்ஃபெக்‌ஷன்தானே? அதுக்கு மருந்து கொடுத்துட்டா என்ன?

வெளித்தோல் சிவந்திருந்தாலே சிறுநீர் பட்டதும் எரியும். அது சிறுநீர்த் தொற்று இல்லை. காய்ச்சல், அடிவயிற்று வலி, அடிக்கடி போவது, பழக்கம் விட்ட பிள்ளை மறுபடி படுக்கையை நனைப்பது இருந்தால் தொற்றாக இருக்கலாம். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் சிறுநீரைக் கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குக் கொடுங்கள். முதல் வேளை மருந்து உள்ளே போனபின் எடுத்த சாம்பிளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

திரும்பத் திரும்ப வருகிறதென்றால் நான் கேட்பது இரண்டு கேள்வி. மலம் தினமும் இளக்கமாகப் போகிறாளா? பள்ளியில் கழிவறைக்குப் போகிறாளா? காலை எட்டு மணிக்குக் கிளம்பி மாலை வீட்டுக்கு வந்துதான் போவேன் என்று அடக்கும் பெண்கள் ஏராளம். கழிவறை நாறுகிறது, தாழ்ப்பாள் இல்லை, டீச்சர் விடுவதில்லை. தண்ணீரும் குடிப்பதில்லை, குடித்தால் போக வேண்டுமே! அந்த வகுப்பாசிரியரிடம் போய்ப் பேசுவது மருந்தைவிட வேலை செய்யும்.

8. நாத்தமா வெள்ளை வருது, நேத்து ரத்தமும் கொஞ்சம் இருந்துச்சு. அவளுக்கு ஆறு வயசுதான்.

இது வீட்டில் வைத்துப் பார்க்கும் விஷயமில்லை. துர்நாற்றமும் ரத்தமும் சேர்ந்தால் உள்ளே ஏதாவது பொருள் மாட்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். மணி, ரப்பர் துண்டு, நூல், துணித் துணுக்கு என்று எது வேண்டுமானாலும் இருக்கும். மூக்கில் பட்டாணி போட்டுக்கொள்ளும் அதே வயது, அதே விளையாட்டுப் புத்தி. திட்டினால் போட்டதைச் சொல்ல மாட்டாள். சின்னப் பொருளாக இருந்தால் வெதுவெதுப்பான சலைன் தண்ணீரைப் பீய்ச்சி வெளியே எடுத்துவிடலாம். முடியாவிட்டால் மயக்கம் கொடுத்து மெல்லிய கேமராவால் எடுப்பார்கள். பொம்மையின் பட்டன் பேட்டரி என்று சந்தேகம் இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்திலேயே சதையை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

ரத்தம் மட்டும் வந்து, துவாரத்தில் சிவந்த சதை உருண்டையாக, நடுவில் ஓட்டையுள்ள சின்ன உளுந்து வடை மாதிரி தெரிந்தால், அது சிறுநீர்த் துவாரத்தின் உள்சவ்வு வெளியே தள்ளியிருப்பது. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைப்பதும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமும் பலருக்குப் போதும்.

9. துவாரமே இல்ல, மூடியிருக்குன்னு எங்க அத்தை சொல்றாங்க. பொறந்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு.

பிறந்தபோது நன்றாக இருந்தது என்பதே பாதிப் பதில். ஒரு வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் உள்மடிப்பு இரண்டும் நடுவில் ஒட்டிக்கொள்வது பலருக்கு வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்த மெல்லிய தோல் எரிச்சல்பட்டு ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிவிடுகிறது. நடுவில் வெளிறிய ஒரு கோடு தெரியும். உள்ளே எல்லா உறுப்பும் இருக்கிறது, கல்யாணம் குழந்தை எதற்கும் பாதிப்பில்லை.

சிறுநீர் தடையில்லாமல் போய், வலியும் தொற்றும் இல்லையென்றால் ஒன்றும் செய்யத் தேவையில்லை. பருவ வயது நெருங்கும்போது அவள் உடம்பில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனே பிரித்துவிடும். சிறுநீர் சொட்டினாலோ, தேங்கி ஜட்டி நனைந்தாலோ, அடிக்கடி தொற்று வந்தாலோ ஈஸ்ட்ரோஜன் க்ரீமையோ பீட்டாமெத்தசோன் களிம்பையோ அந்தக் கோட்டின் மேல் மட்டும் சில வாரம் தடவச் சொல்வோம். ஈஸ்ட்ரோஜன் க்ரீம் போடும்போது மார்பு லேசாக வீங்கலாம், தோல் கறுக்கலாம். நிறுத்தினால் போய்விடும்.

விரலால் இழுத்துப் பிரிக்க மட்டும் யாரையும் விடாதீர்கள், வெள்ளைக் கோட்டு போட்டவராக இருந்தாலும். குழந்தைக்கு உயிர் போகும் வலி, புண்ணாகி ஆறும்போது முன்னைவிட அழுத்தமாக ஒட்டும்.

10. அந்த இடத்துல வெள்ளையா படை மாதிரி இருக்கு. வெண்புள்ளியா?

இருக்கலாம். ஆனால் வெள்ளையோடு அரிப்பும், தோல் சுருங்கி மெழுகுத்தாள் போல மினுமினுப்பதும், கீறிக் கீறி ரத்தம் கசிவதும், மலம் போக வலிப்பதும் சேர்ந்தால் 'லைக்கன் ஸ்கிளிரோசஸ்' என்ற தோல் நோயைச் சந்தேகிப்போம். யோனி வாயையும் ஆசனவாயையும் சுற்றி எட்டு போட்டது போல வெள்ளை படரும். தொற்று இல்லை, யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளியில் நிறம் மட்டும் போகும், அரிப்பு பொதுவாக இருக்காது.

இங்கே ஒரு முரண்பாடு வருகிறது. நான்காம் கேள்வியில் ஸ்டீராய்டு வேண்டாம் என்றேன், இந்த நோய்க்கு மருந்தே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு களிம்புதான். டாக்டர் சொன்ன அளவில், சொன்ன வாரங்கள் போட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பயந்து பாதியில் நிறுத்தினால் மடிப்புகள் தேய்ந்து தழும்பாகிவிடும். அரிப்பு போனபின்பும் வருடக்கணக்கில் அவ்வப்போது காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நோய் இது.

11. சைக்கிள் பார்ல விழுந்துட்டா, ரத்தம் வந்துச்சு. பின்னாடி ஏதாவது... கன்னித்திரை...

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்துவார்கள், என்ன கேட்கிறார்கள் என்று தெரியும். பார் மேல் விழும் அடி பெரும்பாலும் வெளி மடிப்பில்தான் படும், உட்பக்கம் தப்பிவிடும். துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு ஒற்றுங்கள். அடுத்து அவள் சிறுநீர் போகிறாளா என்று பாருங்கள், வலிக்கப் பயந்து அடக்குவாள். தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகச் சொன்னால் எரிச்சல் குறையும். சிறுநீர் வராவிட்டாலோ, வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ, கூரான பொருள் குத்தியிருந்தாலோ நேராக மருத்துவமனைக்கு.

கன்னித்திரை பற்றிக் கேட்டால்: அது பெண்ணுக்குப் பெண் வேறுபடும் ஒரு சவ்வு. அதைப் பார்த்து ஒருத்தி எப்படிப்பட்டவள் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறை வழக்குகளில் நடந்துவந்த இரு விரல் சோதனையை யார் செய்தாலும் அது முறைகேடு என்று உச்ச நீதிமன்றமே 2022 அக்டோபரில் சொல்லிவிட்டது. வீட்டில் அதை வைத்து ஒரு கவலை தேவையில்லை.

12. டாக்டர்கிட்ட போனா உள்ளே விட்டு டெஸ்ட் பண்ணுவாங்களா?

மாட்டார்கள். பெரிய பெண்களுக்குப் பயன்படுத்தும் ஸ்பெகுலம் கருவியைச் சிறுமிக்கு விழித்திருக்கும்போது வைப்பதே இல்லை. நடப்பது இவ்வளவுதான்: அம்மா நாற்காலியிலோ மேஜையிலோ சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் தன் மேல் சாய்த்துக்கொள்வார். முழங்கால் இரண்டும் வெளிப்பக்கம் மடங்க, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று தொடும். ஒரு லைட். டாக்டர் வெளி மடிப்பை மெல்ல முன்பக்கம் இழுத்துப் பார்ப்பார். இருமச் சொன்னால் இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு நிமிடம்.

ஸ்கேனும் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கும்போது வயிற்றின் மேல் வைத்துத்தான் எடுப்பார்கள். குழந்தை முடியாது என்று அழுதால் பலவந்தம் வேண்டாம். அவசரமில்லையென்றால் இன்னொரு நாள் வரலாம், அவசரமென்றால் மயக்கம் கொடுத்துப் பார்க்கலாம். கையைக் காலைப் பிடித்து அமுக்க ஆள் கூப்பிட்டால் நீங்கள் மறுக்கலாம்.

13. யாராவது தப்பா நடந்துக்கிட்டாங்களோன்னு தூக்கமே வரல. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மேலே சொன்ன சிவப்பு, அரிப்பு, ஒட்டிக்கொள்வது, வெள்ளைப் படை எதுவும் தனியாக அதற்கு அறிகுறி இல்லை. அதை வைத்து வீட்டிலிருக்கும் ஒருவர் மேல் பழி போட முடியாது. அதே சமயம் உடம்பில் எதுவும் தெரியாததால் எதுவும் நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, காயம் இல்லாமலே நடந்திருக்கலாம். பாலியல் தொற்று உறுதியானால், சொல்லும் காரணத்துக்கும் காயத்துக்கும் பொருந்தாவிட்டால், ஒரு குறிப்பிட்ட ஆளிடமோ வீட்டுக்கோ போகப் பயந்தால் கவனியுங்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய ஆதாரம் குழந்தை தன் வாயால் சொல்வது.

சொன்னால், 'அப்படியா, சொன்னது நல்லது, உன் மேல தப்பில்ல' என்று கேட்டுக்கொள்ளுங்கள். துருவித் துருவித் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குளிப்பாட்டாமல், அணிந்திருந்த உடையோடு மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், அவள் நம்பும் ஒருவர் கூட இருக்கலாம். போலீஸ் சீட்டு கொண்டுவந்தால்தான் அவசர சிகிச்சை என்று யாரும் சொல்லக் கூடாது. விஷயம் தெரிந்தவர் புகார் செய்வது சட்டக் கடமை, டாக்டருக்கும் அதே கடமை உண்டு. குழந்தைகள் உதவி எண் 1098க்கு எந்நேரமும் பேசலாம்.

14. ஏழு வயசுலயே மார்பு வளருது. ஊசி போடணும்கிறாங்க, கோழிக்கறிதான் காரணமா?

கோழியை விடுங்கள். 8 வயதுக்கு முன் மார்பு வளரத் தொடங்கினால் அது முன்கூட்டிய பருவமடைதலா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குள் மார்பு மட்டும் லேசாக வீங்கி, உயரம் வேகமாக ஏறாமல் இருந்தால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். ஆறு ஏழு வயதில் வந்தால் உயரக் கணக்கு, இடது மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பு வயது, ஹார்மோன் அளவு பார்ப்போம், சிலருக்கு மூளை ஸ்கேனும். மூளையிலிருந்து வரும் கட்டளையே சீக்கிரம் தொடங்கியிருந்தால் அதை நிறுத்திவைக்கும் ஊசி உண்டு. எல்லோருக்கும் வேண்டியதில்லை. எலும்பு சீக்கிரம் முதிர்ந்து உயரம் நின்றுவிடும் என்ற நிலையில் பயன் அதிகம்.

மார்பு வளர்ச்சியே இல்லாமல் ரத்தம் மட்டும் வந்தால் அதை வயதுக்கு வந்ததாக எடுத்துக்கொண்டு சடங்கு வைத்துவிடாதீர்கள். எட்டாம் கேள்விக்குப் போங்கள்.

15. பதினோரு வயசு, இன்னும் வயசுக்கு வரல. வெள்ளைப்படுது. எலும்பு தேயுதுன்னு சொல்றாங்களே?

தேயாது. மாதவிடாய் தொடங்க ஆறு மாதம், ஒரு வருடம் இருக்கும்போது ஈஸ்ட்ரோஜன் சுரக்க ஆரம்பித்து, வாடையில்லாத வெள்ளையோ தெளிவான திரவமோ வரும். ஆரோக்கியமான அறிகுறி. அரிப்போ நாற்றமோ மஞ்சள் பச்சை நிறமோ இருந்தால்தான் மருந்து. ஒரு நாப்கினைப் பள்ளிப் பையில் வைத்துவிட்டு, அவளிடம் மாதவிடாய் பற்றிப் பேச ஏற்ற நேரம் இது.

16. வயசுக்கு வந்து எட்டு மாசம் ஆச்சு. மூணு மாசம் வரல, வந்தா பத்து நாள் நிக்கல.

முதல் இரண்டு மூன்று வருடம் முட்டை ஒழுங்காக வெளிவராததால் சுழற்சி தாறுமாறாக இருப்பது சகஜம். 21 முதல் 45 நாளுக்கு ஒரு தடவை வந்து, 7 நாளுக்குள் நின்றால் விட்டுவிடலாம். 90 நாளுக்கு மேல் ஒருமுறைகூட வராவிட்டால் காட்டுங்கள்.

அதிகப் போக்கு வேறு விஷயம், அதை 'சின்னப் பொண்ணு, சரியாயிடும்' என்று விடக் கூடாது. ஒரு மணி இரண்டு மணிக்கொரு நாப்கின் நனைவது, பெரிய ரத்தக் கட்டிகள், ஏழு நாளைத் தாண்டுவது, மாடி ஏறினால் மூச்சு வாங்குவது எதுவானாலும் ரத்த அளவு பார்க்க வேண்டும். முதல் மாதவிடாயிலிருந்தே அதிகமாகப் போகும் பெண்களில் ரத்தம் உறையும் குறைபாடு உள்ளவர்கள் இருப்பார்கள். மூக்கில் அடிக்கடி ரத்தம், பல் பிடுங்கியபோது நிற்காத ரத்தம், அம்மாவுக்கோ சித்திக்கோ இதே கதை என்றால் மறக்காமல் சொல்லுங்கள். சிகிச்சை, ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, இரும்புச் சத்து, சிலருக்குக் கொஞ்ச காலம் ஹார்மோன் மாத்திரை. 'கல்யாணமாகாத பொண்ணுக்கு ஹார்மோனா' என்று மறுக்காதீர்கள், பிள்ளைப்பேற்றுக்கு அதனால் கேடில்லை. பள்ளியில் வாரம் ஒரு நாள் தரும் நீல நிற இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும்.

17. வலில சுருண்டு படுத்துக்கறா. மாத்திரை போட்டா கர்ப்பப்பை கெட்டுடுமா?

கெடாது. வலி தாங்க முடியாத பிறகு போடுவதால்தான் மாத்திரை வேலை செய்யவில்லை என்கிறார்கள். மெஃபெனாமிக் அமிலமோ இபுபுரூஃபனோ வலி தொடங்கிய உடனேயே, சாப்பிட்டபின், முதல் இரண்டு நாள் வேளை தவறாமல். கூடவே வெந்நீர் ஒத்தடம். மூன்று மாதம் இப்படிச் செய்தும் பள்ளிக்குப் போக முடியாவிட்டால் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்ற சதை கருப்பைக்கு வெளியே வளர்வது) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பதின்வயதிலும் அது வருகிறது.

18. பதினாலு வயசு. மாசாமாசம் வயித்துவலி வருது, ஆனா வயசுக்கே வரல.

வந்திருப்பாள், ரத்தம்தான் வெளியே வரவில்லை. கன்னித்திரையில் துவாரமே இல்லாமல் பிறந்த பெண்ணுக்கு ரத்தம் உள்ளேயே தேங்கும். மாதத்துக்கு மாதம் வலி கூடி, ஒரு நாள் சிறுநீரே அடைத்துக்கொண்டு வருவார்கள். கால் அகற்றிப் பார்த்தாலே நீலம் பாரித்த சவ்வு புடைத்துத் தெரியும், வயிற்று ஸ்கேனில் உறுதியாகும். சின்ன அறுவை சிகிச்சையில் முடிந்துவிடும். மயக்கம் கொடுத்து, சுத்தமாகத் திறக்க வேண்டும், ஊசியால் குத்தி உறிஞ்சினால் தொற்று ஏறும். வலி இல்லாமலும் 15 வயதுவரை மாதவிடாய் வராவிட்டாலோ, 13 வயதில் மார்பே வளரத் தொடங்கவில்லை என்றாலோ காட்டுங்கள்.

19. ஸ்கேன்ல நீர்க்கட்டின்னு வந்திருக்கு. பிசிஓடின்னு சொல்லிட்டாங்க, வயசு பதிமூணு.

இந்த வயதில் சினைப்பையில் சின்னச் சின்ன நீர்ப்பைகள் தெரிவது இயல்பு. வயதுக்கு வந்து 8 வருடம் ஆகும்வரை ஸ்கேன் படத்தை வைத்து பிசிஓஎஸ் (பிசிஓடி என்று சொல்வதும் இதைத்தான்) என்று முடிவு செய்யக் கூடாது என்பது 2018இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல். முகத்தில் முடி, கடுமையான பரு, நீண்ட காலம் ஒழுங்கில்லாத மாதவிடாய் எல்லாம் சேர்ந்துதான் பார்ப்போம். பதின்மூன்று வயதுப் பெண் காதுபட 'உனக்குக் குழந்தை பிறக்காது' என்று பேசும் உறவினரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஆனால் ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று கடும் வலியும் வாந்தியும் வந்தால், எந்த வயதானாலும், 108ஐக் கூப்பிடுங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சீக்கிரம் பிரித்துவிட்டால் பார்க்கக் கறுத்துப்போன சினைப்பையும் பிழைத்துக்கொள்கிறது. விட்டுவிட்டு வரும் வலியையும் 'வாயு' என்று தள்ளாதீர்கள்.

20. அம்மா இல்லாத பொண்ணு டாக்டர். அப்பா நான், இதெல்லாம் நான் பாக்கலாமா?

தாராளமாக. சின்னவளாக இருக்கும்போது கழுவிவிடுவதும் களிம்பு தடவுவதும் வளர்ப்பவரின் வேலை. தடவும்முன் 'மருந்து போடப்போறேன்' என்று சொல்லுங்கள். நான்கு ஐந்து வயதிலிருந்து அவள் கையாலேயே கழுவ, தடவக் கற்றுக்கொடுங்கள். பெரியவளானதும் நம்பகமான அத்தையோ கிராம சுகாதார செவிலியரோ பேசட்டும் என்றால் அதுவும் சரி. ஆனால் மருத்துவமனைக்கு நீங்களே வாருங்கள்.

21. கடைசியா ஒண்ணு. யார்கிட்ட காட்டணும், என்ன எடுத்துட்டு வரணும்?

முதலில் குழந்தைகள் மருத்துவர் போதும். தேவையானால் அவரே மகப்பேறு மருத்துவர், தோல் மருத்துவர், குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணர் யாரிடம் போக வேண்டுமென்று எழுதித் தருவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுகள் உண்டு. சென்னை எழும்பூரில் குழந்தைகள் நல நிலையமும் மகப்பேறு நிலையமும் இருக்கின்றன. போவதா வேண்டாமா என்று குழம்பினால் 104 மருத்துவ ஆலோசனை எண்ணில் கேட்கலாம்.

வரும் நாளில் அந்த இடத்தில் எதுவும் தடவாதீர்கள், அப்போதுதான் உள்ளது உள்ளபடி தெரியும். இதுவரை போட்ட க்ரீம்களை, காலியான ட்யூபாக இருந்தாலும், ஒரு கவரில் போட்டு எடுத்து வாருங்கள். கறை இருந்த ஜட்டியைத் துவைக்காமல் கொண்டுவந்தால் இன்னும் நல்லது.